மரக்கிண்ணம் கடையும்போது இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பு போகவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

லேத்தில் கிண்ணம் கடைந்து 240-ஆம் நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்தும், எதிரெதிராக இரண்டு இடங்கள் மட்டும் சொரசொரப்பாகவே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'எதிரெதிராக'விலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கிண்ணத்துக்கு மரத்தை மாட்டும்போது நார் பெரும்பாலும் மரம் சுழலும் அச்சுக்குக் குறுக்கே ஓடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு இடத்தில் நாரோடு போகிறது, இரண்டு இடத்தில் நாரை எதிர்த்துப் போகிறது. எதிர்க்கிற இடத்தில் நார் வெட்டுப்படாமல் பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்தது குழி. குழியை உப்புத்தாள் நிரப்பாது; சுற்றியிருக்கும் மரம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கினால்தான் அது மறையும். ஆகவே இது தேய்ப்பில் வந்த கோளாறு இல்லை, உளியில் வந்தது.

நானும் இதில் மாட்டியவன்தான். எனக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்தவர் கட்டில் கால் கடைகிற பெரியவர். "மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கு தம்பி, ஏறாதே" என்பார்; பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு உளியை நகர்த்து என்று அர்த்தம். கட்டில் காலுக்கு அது நூற்றுக்கு நூறு சரி, ஏனென்றால் அதில் நார் அச்சோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடுகிறது. அதே பழக்கத்தில் 8 அங்குலப் பூவரசங்கிண்ணத்தின் வெளிப்புறத்தை விளிம்பிலிருந்து அடி நோக்கி இறக்கினேன். இரண்டு பக்கமும் கோழி கொத்தியது மாதிரி ஆகிவிட்டது. விடாமல் 80-ஆம் நம்பரை வைத்து அரை மணி நேரம் அழுத்தித் தேய்த்ததில் சூடேறி, மயிரிழை அளவு வெடிப்பும் விழுந்தது.

கிண்ணத்தில் கணக்கு தலைகீழ். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்குக் கடையுங்கள். உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு. அப்போதுதான் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் முட்டுக்கொடுத்து நிற்கும்.

அடுத்தது கூர். கடைசி இழைப்புக்கு முன்னால், நன்றாகத்தானே வெட்டுகிறது என்று தோன்றினாலும் ஒருமுறை சாணை பிடித்துவிடுங்கள். வாய் வளைந்த குழி உளியின் சரிவு முகம் முதலில் மரத்தில் உரச வேண்டும், அப்புறம் பிடியை மெல்லத் தூக்கினால் வெட்டு தொடங்கும். கூர் இருந்தால் 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு சுருள் சுருளாகச் சீவல் வரும். தூளாகக் கொட்டினால் நிறுத்திவிட்டுத் தீட்டப் போங்கள். வாகை மாதிரி நார் பின்னிக்கிடக்கும் மரம் அப்போதும் அடங்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஸ்பிரிட் கலந்து நீர்க்க வைத்த அரக்குப் பாலிஷை அந்த இடத்தில் தடவி, காயவிட்டு, மெல்லிசாக ஒரு இழைப்பு. நார் விறைத்துக்கொண்டு நிற்பதால் நறுக்கென்று வெட்டுப்படும்.

அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். லேத்தை நிறுத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலெல்லாம் நிழலோடு தெரியும். அங்கே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டு சரியாக இருந்தால் 120-இல் தொடங்கலாம், பிறகு 180, 240, 320. நடுவில் தாவாதீர்கள். 120 போட்ட கீறலை 320 எடுக்காது, மினுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு நம்பருக்கும் இடையே தூளைத் துடைத்துவிடுங்கள். 8 அங்குலக் கிண்ணத்தை நிமிடத்துக்கு 1000 சுற்றில் கடைந்தால், தேய்க்கும்போது அதில் பாதி போதும். விரலுக்குச் சூடு தெரிந்தால் அழுத்தம் அதிகம். கடைசி நம்பருக்கு முன்னால் லேத்தை நிறுத்தி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள், படுத்திருந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும்; அதை 320 சீவிவிடும்.

ஓடுகிற மரத்தில் துணி மட்டும் வைக்க வேண்டாம், சுற்றிக்கொண்டால் விரலும் சேர்ந்து போகும். தோளில் துண்டோடு நிற்பதும் அப்படித்தான். முகக்கவசம் கட்டாயம்.

மெருகுக்கு நான் கீழே கிடக்கும் சீவலையே ஒரு கை அள்ளி, ஓடும் கிண்ணத்தில் அழுத்திப் பிடிப்பேன். செலவில்லாத பளபளப்பு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் ஓடும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி உருக்கி, தாழை மடலால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். சாப்பாட்டுக் கிண்ணம் என்றால் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது உலராது, நாளடைவில் சிக்கு வாடை வரும். வால்நட் எண்ணெய் மெதுவாக உலர்ந்து படியும்.

ஒன்று கேட்க விட்டுப்போனது: மரம் காய்ந்ததுதானா? பச்சை மரம் என்றால் இன்று வழவழப்பாக வந்தாலும் காயும்போது கோணிக்கொள்ளும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர் விட்டு முரடாகக் கடைந்து, சில மாதம் நிழலில் போட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள்.