காலண்டர் படமாகிவிடும் இயற்கைக் காட்சி: ஸ்லாவீச்செக்கிடம் எதைப் பார்ப்பது?

கேள்வி: இரண்டு வருடமாக ஆயில் பெயிண்டிங் பழகுகிறேன். வயல், ஏரி, எதை வரைந்தாலும் காலண்டர் படம் மாதிரி பளபளவென்று வந்துவிடுகிறது. செக் ஓவியர் அன்டோனீன் ஸ்லாவீச்செக்கின் படங்களைப் பார்க்கச் சொன்னார் என் ஆசிரியர். எதிலிருந்து தொடங்குவது? எதைக் கவனிப்பது?

பதில்: ஆசிரியர் சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார். அவருடைய படங்களில் அதிகம் கண்ணில் படுவது 1897-இல் வரைந்த பிர்ச் மரத்தோப்பு. அழகான படம்தான், ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது அது இல்லை. 1904-இல் வரைந்த ‘நம்ம கமெனிச்கியில்’ படத்திலிருந்து தொடங்குங்கள்.

கமெனிச்கி, செக் நாட்டுப் பகுதிகளான பொகீமியா, மொராவியா இரண்டின் எல்லை மேட்டுநிலத்தில் உள்ள சின்னக் கிராமம். குளிரும் ஈரமும் அதிகம், விளைச்சல் குறைவு. ஸ்லாவீச்செக் 1870-இல் பிராகில் பிறந்த நகரத்துக்காரர். 1903 முதல் 1905 வரை கோடைதோறும் அங்கே போய்த் தங்கி வரைந்தார். செக் தலைப்பில் வரும் ‘ஊ நாஸ்’ என்ற சொல், நாம் பேச்சில் ‘நம்ம ஊர்ல’ என்கிறோமே, அதேதான். பிராக்காரர் ஒருவர் அந்த ஏழைக் கிராமத்தை ‘நம்ம’ என்று சொல்கிறார்! அவருடைய படங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

படத்தில் சிகரமும் இல்லை, அந்திச் சிவப்பும் இல்லை. தாழ்ந்த வீடுகள், புல், மண், மூடிய வானம், அவ்வளவுதான். பச்சையை மட்டும் உற்றுப் பாருங்கள். ட்யூபிலிருந்து பிதுக்கிய பச்சையாக அது எங்கும் இல்லை. மண்ணும் சாம்பலும் கலந்த பச்சை. வானத்தின் சாம்பல் நிறம் புல்லிலும் கூரையிலும் இறங்கியிருக்கிறது. வானம், மரம், தரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம் கொடுத்து, அவை ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்போதுதான் காலண்டர் படம் பிறக்கிறது.

இது அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. பிராக் நுண்கலை அகாடமியில் யூலியுஸ் மர்ஜாக்கிடம் படித்தார். மர்ஜாக் காடுகளை வரைவதில் தேர்ந்தவர். வெளிச்சமும் இருட்டும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கப் பழக்கிய ஆசிரியர். ஃப்ரான்டிஷெக் கவான், ஒட்டகார் லெபெடா இருவரும் அதே வகுப்பிலிருந்து வந்தவர்கள். அவர்கள் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் பிராக் படங்களுக்கு வாருங்கள். 1908-இல் லாட்வீ குன்றிலிருந்து நகரத்தைப் பார்த்து ஒரு பெரிய படம் வரைந்தார். அதைப் போனில் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும். 1909-இல் வரைந்த புனித வீட் பேராலயப் படத்தில் தூரிகைத் தடங்கள் துடித்துக்கொண்டிருக்கும். அதே ஆண்டு பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் வரையப் பழகிப் பார்த்தார், முடியவில்லை. 1910 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 39 வயதுதான். அந்தப் பேராலயப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். கமெனிச்கி படத்தைப் போனில் கருப்பு-வெள்ளையாக மாற்றி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எத்தனை அடர்த்தி (வெளிச்சத்திலிருந்து இருட்டு வரையிலான படிகள்) தெரிகிறது, வானமா தரையா எது வெளிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் தினமும் கடந்துபோகிற, யாரும் போட்டோ எடுக்காத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சின்ன அட்டைகளில், தினமும் அதே நேரத்தில், பத்து நாள் அதையே வரையுங்கள். மேகமூட்டமான நாளைத் தவறவிடாதீர்கள். முதலில் மூன்றே அடர்த்தியில் முழுப்படத்தையும் போட்டுவிட்டு அதன் மேல் நிறத்துக்குப் போங்கள். பச்சை கலக்கும்போதெல்லாம் அன்றைய வானத்துக்குக் கலந்த நிறத்தில் ஒரு துளி சேருங்கள். ஏதாவது ஓரிடம் தனியாகப் பளபளத்தால் அங்கே இன்னும் ஒரு துளி.