கடை வாசலில் ஒரு சுற்று போதுமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வேலைக்குப் போய்வரவும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறவும் கியர் சைக்கிள் வாங்க வேண்டும். வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

பதில்: போதாது. வாசல் சுற்றில் சீட்டு மெத்தென்று இருப்பதுதான் தெரியும். மெத்தென்ற சீட்டே அரை மணி நேரத்தில் தொடையை உரசத் தொடங்கும். நீங்கள் வந்த வண்டியைக் கடையில் நிறுத்திவிட்டு, 20 நிமிடமாவது ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அதில் ஓர் ஏற்றமும் இறக்கமும் இருக்கட்டும்.

கிளம்பும் முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுக்குக் காற்றடிக்கச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நீள வேண்டும். சீட்டு உயரம் அதுதான். இது தப்பினால் நல்ல சைக்கிளும் முட்டியை வலிக்கவைக்கும். இறங்கி இரு காலையும் ஊன்றி நின்றால், நடுக்கம்பிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பிரேம் பெரிது. சீட்டை இறக்கி அதைச் சரிக்கட்ட முடியாது.

உங்களுக்கு முக்கியம் கியர்தான். முன் பல்சக்கரங்களில் சின்னதன் பற்களையும், பின்னால் பெரியதன் பற்களையும் எண்ணுங்கள். முன்னே 28, பின்னே 28 என்றால் மலைக்கு ஆகும். முன்னே 42 மட்டும்தான், பின்னே 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தள்ள வேண்டிவரும். ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் சுற்றும்போது எந்தக் கியரும் சுலபமாக மாறிவிடும். ஏற்றத்தில், காலில் பாரம் இருக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். செயின் தாவினாலோ கடகடத்தாலோ கேபிளை முறுக்கிச் சரிசெய்து தரச் சொல்லி, மறுபடி ஓட்டுங்கள்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்தான் துணை. இரண்டு விரலால் எட்டிப் பிடிக்க வர வேண்டும், இறுக்கினாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. புது டிஸ்க் பிரேக் முதலில் மந்தமாகப் பிடிப்பது குறையல்ல. வேகமெடுத்துக் குறைத்து 20 முறை செய்தால் பேடு பதிந்துவிடும். நின்றபடி முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேற்புறம் 'டக்' என்றால் பேரிங் தளர்வு.

பில்லில் பிரேம் எண் இருக்கட்டும். பெடல் அச்சுக்குக் கீழே பெரும்பாலும் பொறித்திருக்கும். வாரண்டியில் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். பில் இல்லாவிட்டால் பேச்சு எடுபடாது.