சுரங்கக் கழிவு மண் படிந்த ஆற்றில் டிரௌட் மீன்களை மீட்க முடியுமா?

சுரங்கக் கழிவு படிந்து, குளிர்ந்த தெளிநீரில் வாழும் டிரௌட் மீன்களின் வளம் அழிந்துபோன ஓர் ஆற்றைச் சீர்செய்ய முடியுமா, அல்லது பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டுக்கொண்டிருப்பதுதான் ஒரே வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். சீர்செய்ய முடியும். குஞ்சு விடுவது அதற்கு வழியன்று. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரையிலுள்ள மிசோலா நகரில் ஆறு ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் அந்த ஆற்றை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். வண்டல் என்றால் நமக்கு நல்ல பொருள். ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்த மரபில் வந்தவர்கள் நாம். இங்கே பேசப்படுவது அதுவன்று. தாதுவை அரைத்துச் செம்பைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மாவு போன்ற நுண்மண் இது. செம்பு, துத்தநாகம், ஆர்சனிக், காட்மியம் ஆகியவை கலந்த இதைக் கசடு என்றே எழுதுகிறேன்.

ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் பியூட் நகரம் செம்புச் சுரங்கங்களால் உருவானது. அதன் தாதுவை உருக்கிய ஆலை அருகிலுள்ள அனகோண்டாவில் இருந்தது. 1908 ஜூன் மாதப் பெருவெள்ளம் அங்கே குவிந்திருந்த கசடை வாரிக்கொண்டு வந்து, வழியெங்கும் இரு கரைகளிலும் பரப்பிவிட்டு, மிசோலாவுக்குச் சற்று மேலே, பிளாக்ஃபுட் ஆறு வந்து கலக்கும் இடத்தில், சில மாதங்களுக்கு முன்புதான் கட்டி முடித்திருந்த மில்டவுன் அணைக்குப் பின்னால் கொட்டியது. பியூட்டிலிருந்து அந்த அணை வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு கெட்டது.

இந்தக் கசடு மீனை இரண்டு விதமாகக் கொல்கிறது. டிரௌட் மீன் கூழாங்கல் படுகையை வாலால் குடைந்து முட்டையிட்டு மூடுகிறது. பிரவுன் டிரௌட் என்ற வகையின் முட்டைகள் இலையுதிர் காலத்தில் இடப்பட்டுக் குளிர்காலம் முழுவதும் கற்களுக்கிடையே கிடக்கின்றன. இடுக்குகளில் ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜன்தான் அவற்றின் உயிர். நுண்மண் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டை மூச்சடைத்துச் சாகிறது, மீன் உண்ணும் பூச்சிகளின் இளம்புழுக்களும் ஒதுங்க இடமின்றிப் போகின்றன. இரண்டாவது விதம் இன்னும் கொடியது. கரையோரத்தில் கசடு தடித்துப் படிந்து புல்லும் முளைக்காமல் கிடக்கும் வெற்றுத் திட்டுகளை அங்குள்ளோர் ஸ்லிக்கன்ஸ் என்கிறார்கள். வறண்ட கோடையில் கசடின் ஈரம் மேலேறி ஆவியாக, அத்திட்டுகளின் மேல் செம்பு உப்பு நீலப் பச்சையாகப் பூக்கிறது. ஓர் இடிமழை பெய்தால் அந்த உப்பு முழுவதும் சில மணி நேரத்தில் கரைந்து ஆற்றில் இறங்கும். செம்பு செவுளைத் தாக்குவதால் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும். 1980களில் இவ்வாறு ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. நஞ்சு ஆற்றுக்குள் இருப்பதைவிடக் கரையில் அதிகம் இருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஆற்றை மட்டும் பார்த்து மருந்து தேடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

மில்டவுனில் விழிப்பை உண்டாக்கியது மீன் அன்று, குடிநீர். 1981இல் அவ்வூர்க் கிணறுகளில் ஆர்சனிக் கண்டறியப்பட்டது. 1983இல் அந்த இடம் சூப்பர்ஃபண்ட் எனப்படும் கூட்டாட்சித் துப்புரவுச் சட்டத்தின் கீழ் வந்தது. 1996 பிப்ரவரியில் பெரும் பனிக்கட்டித் திரள் அணையை நோக்கி வந்தபோது, அணையைக் காக்க நீர்மட்டத்தை அவசரமாகத் தாழ்த்தினார்கள். அடியில் கிடந்த கசடு அரித்துக் கிளம்பிக் கீழ்ப்பகுதியில் மீன்களை அழித்தது. கசடை அணைக்குள் பூட்டியே வைக்கலாம் என்ற வாதம் அதன்பின் நிற்கவில்லை. 2004இல் அணையை அகற்ற முடிவாகி, மிக மாசுபட்ட கசடு சுமார் 17 லட்சம் கன மீட்டர் தோண்டப்பட்டு, ரயில் பெட்டிகளில் அனகோண்டாவுக்கு அருகிலுள்ள ஆப்பர்சூனிட்டி கிராமத்தின் பழைய கழிவுத் தேக்கங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2008 மார்ச் 28 அன்று அணை உடைக்கப்பட்டு, நூறாண்டுகளுக்குப் பின் இரு ஆறுகளும் தடையின்றிக் கலந்தன. முட்டையிட மேலேறும் புல் டிரௌட் (bull trout) என்ற அந்த மண்ணின் மீனுக்கு வழி திறந்தது. இப்போது பூங்காவாக இருக்கும் கரைமேட்டில் நின்று கூடுதுறையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்திருக்கிறேன். ஆனால் எங்கள் மிசோலா சுத்தமாக, இன்னொரு கிராமத்தின் வாசலில் அந்தக் கசடு கிடக்கிறது என்ற உண்மையையும் மறைத்துப் பேசலாகாது.

மேலே, பியூட்டிலிருந்து வரும் சில்வர் போ ஓடையில் பல தலைமுறைகளாக மீனே இல்லை. 1999இல் தொடங்கி அதன் கரைக் கசடு அள்ளப்பட்டு, ஓடையின் போக்கே புதிதாக அமைக்கப்பட்டது. அதன்பின்னும் நகரக் கழிவுநீர் ஆக்சிஜனைக் குறைத்து மீனைத் தடுத்தது. உலோகம் நீங்கினால் போதும் என்றிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். இன்று அங்கே டிரௌட் உண்டு. இவற்றுக்கான பணம் தானாக வரவில்லை. மொன்டானா மாநிலம், சுரங்க நிறுவனத்தை விலைக்கு வாங்கிய ஆர்கோ என்ற எண்ணெய் நிறுவனத்தின் மீது 1983இல் வழக்குத் தொடுத்து, 1990களின் இறுதியில் 21.5 கோடி டாலர் பெற்றது.

ஆற்றின் மேற்பகுதியிலுள்ள டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் நடக்கும் வேலைதான் இன்னும் கடினமானது. கரையைத் தோண்டிக் கசடை எடுத்துத் தூய மண் நிரப்பி, நீர்க்கரையில் வளரும் வில்லோ மரத்தின் கிளைகளை நட்டுப் பிடிப்பு ஏற்படுத்துகிறார்கள். ஒரு வசந்தத்தில் தன்னார்வலராக நானும் அவற்றை நட்டிருக்கிறேன். விரல் பருமனுள்ள அந்தக் கிளை வேர்விட்டு ஆற்றுக்கு நிழல் தர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது நடும்போதுதான் உறைக்கிறது. பழைய கரையோடு சேர்ந்து அதன் புதர்களும், மீன் ஒதுங்கிய குடைவுகளும் போய்விடுகின்றன. அண்மை ஆண்டுகளில் மேற்பகுதியில் பிரவுன் டிரௌட் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது பலரைக் கலங்கவைத்தது. கோடையில் பாசனத்துக்குப் போக எஞ்சும் குறைந்த நீரும் அதன் வெப்பமும் நிலைமையை மேலும் கடினமாக்குகின்றன. ஆயினும் கசடைக் கிடக்க விட்டிருக்கலாம் என்று நான் கருதவில்லை. கரையைத் துண்டு துண்டாக, பழைய புதர்களை இயன்றவரை விட்டுவைத்துத் திருத்த வேண்டும், கோடை நீரோட்டத்துக்கான உரிமையையும் உடன் பெற வேண்டும் என்பதே என் கருத்து.

இனிக் குஞ்சு விடுவதைப் பற்றி. இயல்பாக மீன் பெருகும் ஆறுகளில் குஞ்சு விடுவதை மொன்டானா 1974இலேயே நிறுத்திவிட்டது. பண்ணை மீன்களை விட்ட பகுதிகளில் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைந்ததையும், விடாதபோது அவை கூடியதையும் ஆய்வாளர்கள் கண்டதே காரணம். அடைபட்ட படுகையில் விடப்படும் குஞ்சு ஒரு பருவம் தூண்டிலுக்குக் கிடைக்கும், சந்ததி வைக்காது.

நீங்கள் ஒரு குறிப்பிட்ட ஆற்றை மனத்தில் வைத்துக் கேட்டிருந்தால், மீன் கணக்கெடுப்புக்கு முன்பு கரையில் இடுப்பளவு குழி ஒன்றைத் தோண்டச் செய்து, எந்த ஆழம் வரை கசடு இருக்கிறது என்று பாருங்கள். முட்டையிடும் கூழாங்கல் திட்டுகளில் நுண்மண்ணின் அளவை எடுங்கள். நீண்ட வறட்சிக்குப்பின் வரும் முதல் மழையன்று, பெய்துகொண்டிருக்கும்போதே, மணிக்கு ஒருமுறை நீர் மாதிரி சேகரியுங்கள். மறுநாள் போனால் ஆறு தெளிந்திருக்கும், செத்த மீன்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.