மேசைக் கடற்போருக்கு வருகிறவர்கள் கேட்டவை

கணினியில் மேசை விளையாட்டுகள் ஆட உதவும் டேபிள்டாப் சிமுலேட்டரில் சனி இரவுகளில் பாய்க்கப்பல் போர் ஆடுகிறோம் என்று சொன்னதும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்து குவிந்த கேள்விகள் இவை. இதைக் கொம்பனி எதுவும் நடத்தவில்லை. கப்பல், விதி, மேசை எல்லாம் ஆடுகிறவர்களே செய்துகொண்டவை. மேசையை நான் கவனித்துக்கொள்வதால் பதிலும் என் தலையில்.

அண்ணா, போனில் ஓடுமா? (ஏறாவூர்)

ஓடாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஏதாவது ஒரு கணினி வேண்டும்.

நண்பன் வாங்கி வைத்திருக்கிறான். அதிலேயே நானும் சேர்ந்து ஆடலாமா? (களுவாஞ்சிக்குடி)

அவரவர் வீட்டிலிருந்து ஆடுவதென்றால் ஆளுக்கொரு பிரதி வேண்டும். கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி போடும்வரை பொறுத்து வாங்குங்கள். காசே இல்லையென்றால் வாஸல் என்று இன்னொரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். தட்டையான வரைபடம், சதுரக் காய்கள், பார்க்க அழகில்லை. ஆனால் கடற்போர் ஆட்டங்கள் அதிலும் உண்டு. களவுப் பிரதி பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

மேசைக்குள் வந்தால் கப்பலையே காணோம். அரை மணித்தியாலம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. (பொத்துவில்)

கப்பலின் உருவங்களும் படங்களும் இணையத்திலிருந்து உங்கள் கணினிக்கு இறங்க வேண்டும். முதல் தடவை மட்டும்தான் இந்தப் பாடு. இறங்கியதும் அங்கேயே தங்கிவிடும். வெள்ளிக்கிழமையே ஒருமுறை திறந்து, எல்லாம் தெரியும்வரை விட்டுவிட்டுப் படுங்கள். சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வந்து இறக்கினால் உங்களுக்காகப் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

ஒன்றுமே தெரியாது. முதல் நாள் வந்து என்ன செய்வது? (அக்கரைப்பற்று)

நல்ல கேள்வி. முதல் நாள் சாம்பல் நிறத்தில் உட்காருங்கள், அது பார்வையாளர் இடம். இரண்டு மூன்று சுற்று பாருங்கள். அப்புறம் நானே ஒரு சின்னக் கப்பல் தருகிறேன்.

ஒரு சுற்று இப்படித்தான் போகும். நான் காற்றுப் பகடையை உருட்டி, மேசை நடுவிலுள்ள அம்பைத் திருப்புவேன். ஒவ்வொருவரும் தன் கப்பலுக்கான கட்டளைச் சீட்டைத் தேர்ந்து கையில் வைத்துக்கொள்வார்கள். கையிலிருக்கும் சீட்டு அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. நான் ‘போடு’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் போட வேண்டும். பிறகு அளவுகோலை அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஒட்டி வைத்து, கோலின் மறுமுனைக்குக் கப்பலை நகர்த்துவோம். எல்லாக் கப்பலும் நின்ற பிறகுதான் பீரங்கி.

புதியவர்கள் மாட்டுவது காற்றில். அந்தக் காலத்துச் சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67.5 பாகைக்குக் கிட்டப் போக முடியாது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 135 பாகை, வட்டத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். எதிரி அந்தப் பக்கம் நிற்கிறான் என்று நேராகத் திருப்புவார்கள். பாய் அடித்துக்கொள்ளும், கப்பல் நின்றுவிடும். அடுத்த சுற்றில் எதிரி பின்புறத்துக்கு வருவான். பின்புறம் என்றால் தலைவனுடைய அறைக் கண்ணாடியும் மெல்லிய பலகையும்தான். அங்கே நுழைகிற குண்டு பீரங்கித் தட்டின் மறுமுனை வரைக்கும் போகும். எங்கள் விதியில் அதற்கு இரட்டிப்புச் சேதம்.

இன்னொன்று: கப்பலைத் தூக்காதீர்கள். தூக்கினால் பக்கத்துக் கப்பலில் இடிக்கும், அது அடுத்ததில் இடிக்கும், வரிசை முழுக்கக் கலையும். நகர்த்தி முடிந்ததும் எல் விசையை அழுத்திப் பூட்டுங்கள்.

மைக் இல்லை, பேசவும் கூச்சம். வரலாமா? (ஆரையம்பதி)

வாங்க தங்கச்சி. எழுத்திலேயே சொல்லலாம். அதிகம் பேசாதவர்கள்தான் எங்களிடம் நன்றாக ஆடுகிறார்கள்.

போனில் வழி இருக்கிறதா? (நிந்தவூர்)

இல்லை. மேலே ஏறாவூருக்குச் சொன்னதுதான்.

விண்வெளிக் கப்பல் போர் உண்டா? (சம்மாந்துறை)

உண்டு, வேறு மேசைகளில். காற்றில்லாத இடத்தில் எனக்கு வேலையில்லை.

காற்று வருகிற மேல்பக்கத்தைப் பிடித்தவன்தானே எப்போதும் வெல்கிறான்? பிறகு எதற்கு ஆட்டம்? (கல்முனை)

எப்போதும் இல்லை. மேல்பக்கம் இருப்பவன் எப்போது மோதுவது என்று தீர்மானிக்கலாம், உண்மை. அவனுடைய புகையும் எதிரியின் முகத்தில்தான் அடிக்கும். ஆனால் பாய்மரம் உடைந்தால் அவன் எதிரியின் மடியிலேயே போய் விழுவான். கீழ்ப்பக்கத்தவன் உடைந்தால் மெல்ல ஒதுங்கித் தப்பிவிடலாம்.

கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை நான். காற்று பலமென்றால் மேல்பக்கத்துக் கப்பல் எதிரி பக்கமாகச் சரியுமே, பீரங்கி வாசலுக்குள் தண்ணீர் வராதா? (வாழைச்சேனை)

வரும் மச்சான். அதனால்தான் பலத்த காற்றில் மேல்பக்கத்தவன் கீழ்த்தட்டு வாசல்களை அடைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். பெரிய பீரங்கிகள் இருப்பதும் அந்தத் தட்டில்தான். கல்முனைக்காரர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

விதி நீங்கள் எழுதியது, அண்ணன். வரலாற்றில் அப்படி நடந்ததா? (மறுபடி கல்முனை)

நம்முடைய கடலிலேயே நடந்ததைப் பாருங்கள். 1782 செப்டெம்பர் 3, திருகோணமலைக்கு வெளியே. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனிடம் 14 பெரிய கப்பல், ஆங்கிலேயர் ஹியூஸிடம் 12. காற்றும் சுஃப்ரென் பக்கம். வென்றாரா? ஹியூஸ் வரிசை குலையாமல் காற்று போகும் பக்கமாக விலகிக்கொண்டே போனார். துரத்திய பிரெஞ்சு வரிசை கலைந்து, சுஃப்ரெனின் எரோ என்ற கப்பல் நடுவில் ஓரிரண்டு துணையோடு தனித்துப்போய்ப் பெரிய பாய்மரத்தை இழந்தது. போரில் இரு பக்கமும் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஓரியான் (Orient) என்ற பிரெஞ்சுக் கப்பல் சில நாள் கழித்துத் துறைமுகத்துக்குள் நுழையும்போது அழிந்தது, அது வேறு கதை.

ஒரு போரை வைத்துச் சொல்ல முடியாது. ஏப்ரலில் அதே ஹியூஸ் கீழ்ப்பக்கம் மாட்டித் திணறினாரே? (கல்முனை, விடுவதாக இல்லை)

ஆள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். 1782 ஏப்ரல் 12, திருகோணமலைக்குத் தெற்கே. அன்று ஹியூஸுக்குப் பின்னால் கரை, முன்னால் பிரெஞ்சுக்காரர். ஒதுங்கக் கடல் இல்லாதபோது கீழ்ப்பக்கம் பொறிதான். செப்டெம்பரில் பின்னால் திறந்த கடல் கிடந்தது. ஆகவே காற்றைக் கேட்கும்போதே கரை எங்கே என்றும் கேளுங்கள். அன்றுகூட ஹியூஸ் கப்பல் எதையும் பறிகொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏப்ரல் போருக்குப் பிறகு பிரெஞ்சுக் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வந்ததாமே? (கல்லடி)

வந்தன. கோட்டை அப்போது ஒல்லாந்தர் கையில், அவர்கள் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளிகள். நோயாளிகளும் காயப்பட்டவர்களும் தேறவும், கப்பல்களைப் பழுது பார்க்கவும் சில வாரம் இங்கே தரித்தார்கள். நாங்கள் நடத்தும் தொடர் ஆட்டத்தில் இதுவும் உண்டு: ஏப்ரல் போரில் பட்ட சேதத்தில் ஒரு பகுதியை மட்டக்களப்பில் சரிசெய்துகொண்டு, மிச்சத்தோடு ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு வெளியே மோத வேண்டும். எந்தப் பாய்மரத்தை மாற்றுவது, எதை விடுவது என்று ஆட்களுக்குள் சண்டையே வரும்.

டேப்லெட்டில்? (திருக்கோவில்)

தம்பி!

வரும் சனி இடம் இருக்கிறதா? (செங்கலடி)

ஏப்ரல் போர்தான் போடுகிறோம். பிரெஞ்சு வரிசையின் வால்பக்கம் இரண்டு கப்பலுக்கு ஆள் தேவை. கல்முனைக்காரர் ஹியூஸாக ஆட ஒப்புக்கொண்டுவிட்டார், கரை அவருக்குப் பின்னால் இருக்கும். எட்டு மணிக்கு வாருங்கள், கப்பலைத் தூக்காதீர்கள்.