மகன் சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது, என்ன செய்வது?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் புகையிலைப் பொட்டலம் கிடைத்தது, அவன் அப்பாவிடம் சொன்னால் அடித்தே விடுவார், பள்ளியில் சொன்னால் டிசி கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கொங்குப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். இதே கேள்வியோடு அழுதுகொண்டே வந்த அம்மாக்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனை அடிக்க விடாதீர்கள். இதை நான் ஒரு பையனை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். எல்லார் முன்னாலும் புத்தகப் பையை உதறச் சொன்னேன். அப்பாவை வரவழைத்தேன். அவர் வராந்தாவிலேயே பெல்ட்டைக் கழற்றிவிட்டார். மறுநாள் பையன் வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். புகையிலையை விடவில்லை, படிப்பைத்தான் விட்டான். இப்போதும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அது என் தப்பு.

அடுத்தவன் எட்டாம் வகுப்பு. மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கச் சொன்னேன். நன்றாகச் சொல்லக்கூடியவன், எழுந்து நின்றவன் வாயைத் திறக்கவே இல்லை. கீழுதடு லேசாகப் புடைத்திருந்தது. பக்கத்தில் போனால் புதினா வாசனை. டீத்தூள் பை போலச் சின்னதாக இருக்குமே, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்வது, அதுதான். புகை கிடையாது, சிலதைத் துப்பக்கூட வேண்டாம். அதனால்தான் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மதியம் தனியாகக் கூப்பிட்டு உதட்டை மடித்துக் காட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி உட்புறம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. பதின்மூன்று வயசுப் பிள்ளையின் வாய்.

"மொதல்ல யாருடா குடுத்தது?" என்றேன். ஏதாவது சேர்க்கைக்காரன் பெயரைச் சொல்வான் என்று நினைத்தேன்.

"அம்முச்சிதானுங்க சார். பல்லு வலின்னு அழுதேன், வெத்தலப் பையில இருந்து போயல கிள்ளி வெச்சு உட்டாங்க."

அம்முச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா. பாசத்தில் செய்ததுதான். அதே அம்முச்சிக்குப் புகையிலை வாங்கவும், மாமாவுக்கு சிகரெட் வாங்கவும் வீட்டில் இவனைத்தான் கடைக்கு அனுப்புவார்களாம். மீதிச் சில்லறை இவனுக்கு. கடைக்காரருக்கு முகம் பழகிவிட்டது. ஒரு நாள் தனக்காக வாங்கப் போனபோது, யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. நாம்தானே அந்த வழியைப் போட்டுக் கொடுக்கிறோம்? உங்கள் வீட்டிலும் யாருக்காவது பீடி, சிகரெட் வாங்க அவனை அனுப்பும் வழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2019-இல் நாடு முழுக்க நடந்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. ஆண் பிள்ளைகளில் 9.6, பெண் பிள்ளைகளில் 7.4. வாயில் வைக்கும் வகையைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள். பத்து வயதுக்குக் காசும் கடையும் எப்படித் தெரியும், பெரியவர்கள் வழியாகத்தானே.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்கள் பையன் எந்தக் கடையில் வாங்கினான் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். பையனைக் காட்டிக் கொடுப்பதாக ஆகாது. அந்தச் சட்டத்தின் பார்வையில் அவன் பாதிக்கப்பட்டவன், விற்றவர்தான் குற்றவாளி. பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் இதே வார்த்தைகளில் பேசுங்கள்.

இனி அவனிடம் எப்படிப் பேசுவது. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், தம்பி தங்கை எதிரில் வேண்டாம். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்ததும் தேடுகிறதா, இவ்வளவுதான் கேட்க வேண்டும். எழுந்ததும் தேடுகிறது என்றால் நிகோடின் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் விட்ட முதல் மூன்று நாள் மோசமாக இருக்கும். எரிந்து விழுவான், தலைவலி என்பான், புத்தகத்தில் மனம் நிற்காது, தூக்கம் கெடும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். என் மாணவனுக்கு நான் சட்டைப் பையில் சோம்பும் கிராம்பும் போட்டு வைத்தேன், வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று தவிக்கும்போது மெல்ல. பாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

1800-11-2356 என்பது புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண். அவனையே பேச வையுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒரு முறை அரசு மருத்துவமனை பல் பிரிவில் வாயைக் காட்டிவிடுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பையன் நடுவில் இரண்டு தடவை மறுபடி தொட்டான். இரண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். விட்டு ஆறேழு வாரம் கழித்து, ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, நான் கேட்காமலே உதட்டை மடித்துக் காட்டினான். சுருக்கம் போய் ரோஸ் நிறம் திரும்பியிருந்தது. அம்முச்சி இப்போது வெற்றிலைப் பையை அவன் கைக்கு எட்டாத பரண்மேல் வைக்கிறாராம்.