புளியும் காலியனஸ் காசும்

வணக்கம் ஐயா. ரோமானிய வெள்ளிக்காசு என்று சொன்னார்களென்று இணையத்தில் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் கதிர்க் கிரீடத்தோடு ரோமப் பேரரசன் காலியனஸ் தலை, மறுபக்கம் திரும்பிப் பார்க்கும் மான். கறுத்திருந்ததால் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். செக்கச்செவேலென்று செம்பு தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

செம்பு தெரிவதாலேயே அது போலியாகிவிடாது. அதை வெள்ளி என்று முதலில் ஊரை நம்பவைத்தது ரோம அரசுதான்.

ரோமரின் டினேரியஸ் என்ற காசு ஒருகாலத்தில் ஏறக்குறைய சுத்த வெள்ளி. கி.பி. 64-இல் பேரரசன் நீரோ அந்த வெள்ளியில் கைவைத்துக் குறைத்தான். 215 வாக்கில் பேரரசன் காரகல்லா ஒரு புதுக்காசு அடித்தான்: மதிப்பு இரண்டு டினேரியஸ், எடையோ ஒன்றரைதான். இரட்டை மதிப்புக்கு அடையாளம்தான் அந்தக் கதிர்க் கிரீடம். காலியனஸ் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 260-இல் அவன் தந்தை வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டான், மேற்கே நாட்டின் ஒரு பகுதி தனியாகப் பிரிந்தது. படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே! கடைசியில் காசில் மிஞ்சிய வெள்ளி நூற்றுக்குச் சில பங்கு. வில்லைகளை அமிலத்தில் ஊறவைத்து மேலிருக்கும் செம்பைக் கரைத்தால் மெல்லிய வெள்ளித்தோல் நிற்கும், அதன்மேல் அச்சடிப்பார்கள். நீங்கள் தேய்த்ததில் அந்தத் தோல் போயிருக்கிறது.

ஆனால் மான் அருமையான மான். ஆட்சியின் கடைசியில், 267-268 வாக்கில், ரோம் அக்கசாலை (காசு அடிக்கும் சாலை) ஒரு விலங்கு வரிசையே வெளியிட்டது. அப்பல்லோவுக்குக் குதிரையுடல் மனிதன், நெப்டியூனுக்கு மீன்வால் கொண்ட கடற்குதிரை, வேட்டைத் தெய்வம் டயானாவுக்கு மான். அரசனைக் காப்பாற்று என்ற வேண்டுதல். மானின் காலடியில் ஓர் ஒற்றை எழுத்து இருக்கும், லென்ஸ் வைத்துத் தேடுங்கள். எந்தப் பட்டறையில் அடித்தது என்பதற்கான குறி அது. தெய்வங்கள் காப்பாற்றவில்லை: 268-இல் சொந்த அதிகாரிகளே அவனைக் கொன்றார்கள்.

அப்படியே விளிம்பையும் பாருங்கள். சுற்றிலும் ஒட்டுக்கோடோ, பரப்பில் குமிழிக்குழிகளோ இருந்தால் வார்ப்புப் போலி. விளிம்பில் வெடிப்பு இருந்தால் பயப்படாதீர்கள், சுத்தியலடியில் அது சகஜம்.

நல்ல வெள்ளிதான் வேண்டுமென்றால் நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைத் தேடுங்கள். உங்கள் கொங்குப் பக்கத்துப் புதையல்களில் அதிகம் வந்தவை அவைதாம். நீரோவுக்குப் பிந்தைய வெள்ளி இங்கே அபூர்வம். டைபீரியஸ் காசில் போலி நிறைய, தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். மண்ணில் கிடைத்தது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள், அது கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியது.

இந்தக் காசை வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அலசி, ஒற்றி உலர்த்தி வையுங்கள். இனி புளி வேண்டாம்.