விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) வேலையில் என்கோடிங் கட்டளையை ஏன் நாமே மாற்றி எழுத வேண்டும்?

ரெண்டர் (கணினி படங்களை உருவாக்கும் வேலை) முடிந்து வரும் நூற்றுக்கணக்கான தனிப் படங்களைச் சுருக்கி ஒரே வீடியோவாக்குவதுதான் என்கோடிங். இதைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளுக்குக் கட்டளையில் நீங்கள் வேகத்தைச் சொல்லாவிட்டால், அது தன் பாட்டுக்கு விநாடிக்கு 25 படம் என்று எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 24 படம் கணக்கில் செய்த 240 படங்கள் 10 விநாடி ஓட வேண்டும், 9.6-இலேயே முடிந்துவிடும். ஒலியும் பிசகும்.

அதைவிடத் தொல்லை கீஃப்ரேம். எச்.264 என்ற சுருக்கும் முறையில் செய்த கோப்பில் சில படங்கள்தான் முழுசாக இருக்கும், அவைதான் கீஃப்ரேம். அவற்றுக்கிடையே இடைவெளி 250 படம் வரைகூடப் போகும். மற்றவையெல்லாம் 'என்ன மாறியது' என்ற குறிப்புகள்தான், அதனால் இடையிலுள்ள படத்தைக் காட்ட முந்தைய கீஃப்ரேமிலிருந்து கணக்கிட்டு வர வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் செட்டிபாளையத்தில் நிற்காது என்று வையுங்கள். அங்கே போக, அதற்கு முன் வரும் காத்தான்குடியில் இறங்கி நடக்க வேண்டியதுதான் (அந்த வெயிலில்!). ஷாட்டை ஒவ்வொரு படமாக நகர்த்தும்போது வீடியோ திக்குவது இந்த நடையால்தான். கட்டளையில் கீஃப்ரேம் இடைவெளியைச் சொல்லும் 'ஜி' (-g) அளவை 1 ஆக்கினால் எல்லா ஹோல்ட்டிலும் நிற்கும் பஸ்ஸாகிவிடும். கோப்பு பெருக்கும், ஷாட்டைப் பார்த்துச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு அது பரவாயில்லை.

கட்டளையில் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் (-crf) எண்ணைக் கூட்டினால் தரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு, 28-ஐவிட 18-தான் தெளிவு.